மருத்துவரிடம் கூலி விசாரிக்கலாமா?

மீன் வாங்கப் போனால் நான்கு கூடைகளைப் பார்க்கிறோம். குமருக்கு நகை எடுக்கப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். ஹஜ்ஜுப் பயணத்துக்குக்கூட எந்த நிறுவனத்தார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்த பிறகுதான் பணம் கட்டுகிறோம். இதையெல்லாம் யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒரு மருத்துவமனையின் வாசலில் நின்று, "இந்த அறுவைச் சிகிச்சைக்கு என்ன ஆகும்? இன்னோர் இடத்தில் குறைத்துச் சொன்னார்களே, இங்கே ஏன் கூடுதல்?" என்று கேட்பதற்கு மட்டும் நாக்கு எழுவதில்லை. கஞ்சன் என்பார்களோ, பெற்றவளுக்கே கணக்குப் பார்க்கிறான் என்பார்களோ, அல்லாஹ்வின் மீது தவக்குல் இல்லாதவன் என்பார்களோ என்று ஓர் அச்சம். இந்த அச்சத்துக்கு மார்க்கத்தில் அடிப்படை உண்டா என்று சிந்திக்கவே இதை எழுதுகிறேன். கிதாபைப் புரட்டியதால் வந்த சிந்தனை அல்ல. என் வீட்டுக்குள்ளேயே இந்த மஸ்அலா வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் ஒன்று. உம்மாவுக்கு வயது 66. மூன்று வருடங்களாக இடது இடுப்பில் வலி. முதலில் ஸுஜூதிலிருந்து எழும்போது மட்டும் முனகினார்கள். பிறகு அத்தஹிய்யாத்தில் உட்கார முடியாமல் போயிற்று. பிறகு நாற்காலி வந்தது. தைலம் தேய்த்தார்கள், ஒற்றடம் கொடுத்தார்கள், வலி மாத்திரை விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுத்த மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் இருப்பது ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்துக்குள் பந்து சுழல்வதால்தான் நாம் நடக்கிறோம், உட்காருகிறோம். இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வழவழப்பான குருத்தெலும்பு உம்மாவுக்குத் தேய்ந்து போய், எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. "தேய்ந்தது இனி வளராது. செயற்கை மூட்டுப் பொருத்துவதுதான் வழி. அவசரமில்லை, ஆனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்" என்றார்.

மூன்று இடங்களில் விசாரித்தேன். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு மருத்துவமனையில் 1,40,000 ரூபாய் என்றார்கள். மதுரையில் ஓரிடத்தில் 2,10,000. மதுரையிலேயே இன்னும் பெரியதோர் இடத்தில் 3,75,000. ஒரே இடுப்பு, ஒரே எக்ஸ்ரே படம். தொகையிலோ இரண்டரை மடங்குக்கும் மேலான வித்தியாசம்!

பணம் என்னுடையதல்ல. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனின் சம்பளம் எவ்வளவு என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. சவூதியில் வேலை பார்க்கும் காக்காதான் செலவை ஏற்றுக்கொண்டார்கள். தொகைகளைச் சொன்னதும் அவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "உம்மாவை வச்சுக்கிட்டு விலை கேட்டுத் திரியிறியா? ஆட்டுச் சந்தையா அது? பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துடு, பணத்தை நான் அனுப்புறேன்" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் வேறு விதமாகச் சொன்னார்: "ஷிஃபா கொடுப்பவன் அல்லாஹ். குறைந்த இடமோ கூடிய இடமோ, பிஸ்மி சொல்லி ஒன்றில் சேர்த்துவிட்டு துஆச் செய்யுங்கள், ஹழ்ரத். ஆலிமாக இருந்துகொண்டு இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா?" உம்மா சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியவரின் பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் தவக்குல் வை என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு மனிதருக்குச் சொன்னது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஹதீஸ். சிகிச்சை செய்துகொள்ளும்படி ஏவியதும் அவர்களேதான். அந்த ஹதீஸில், ஒரே ஒரு பிணியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்றும், அந்த ஒன்று முதுமை என்றும் வந்திருக்கிறது. இதைக் காட்டி, "இடுப்புத் தேய்வது முதுமைதானே, இதற்கெதற்கு மருத்துவம்?" என்று கேட்பவர்களும் உண்டு. என் சிற்றறிவுக்குப் பட்டவரை, முதுமைக்கு மருந்தில்லை என்றால் முதியவரின் வலிக்கு மருந்தில்லை என்று பொருளாகாது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டுதானே குர்ஆன் ஓதுகிறோம்! கண்ணாடி நம்மை வாலிபனாக்கிவிடவில்லை.

உடலில் கெட்டுப்போன ஓர் உறுப்புக்குப் பகரமாகச் செய்யப்பட்டதைப் பொருத்திக்கொள்வது நம் மார்க்கத்துக்குப் புதிதும் அல்ல. அர்ஃபஜா (ரலி) என்ற ஸஹாபிக்கு குலாப் என்ற சண்டையில் மூக்கு அறுந்துபோயிற்று. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து வைத்துக்கொண்டார்கள். அது துர்வாடை வீசத் தொடங்கியது. அப்போது தங்கத்தால் செய்துகொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வந்திருக்கும் செய்தி இது. ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்றிருக்க, இங்கே ஆகுமாக்கப்பட்டது எதனால்? வெள்ளி பயன் தராததால். அவர்கள் முதலில் தங்கத்துக்குப் போகவில்லை. குறைந்ததை வைத்துப் பார்த்து, அது உதவாது என்றான பிறகே உயர்ந்ததுக்கு வந்தார்கள். செயற்கை மூட்டின் விலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது.

இப்போது பொருத்தப்படும் இடுப்பு மூட்டுக்கு வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி என்ற அறுவைச் சிகிச்சையாளர். அவரும் முதலில் டெஃப்லான் என்ற பொருளால் கிண்ணம் செய்து பார்த்தார். சில ஆண்டுகளிலேயே அது தேய்ந்து நோயாளிகளைத் துன்புறுத்தியது. 1962இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் கெட்டியான பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் உலோகப் பந்தையும் வைத்தார். அது நிலைத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பந்தும் கிண்ணமும் என்ற அந்த அமைப்பேதான்; பொருள்களின் தரம் உயர்ந்திருக்கிறது. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2019இல் வெளியான ஓர் ஆய்வு, பொருத்தப்பட்ட இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 இருபத்தைந்து ஆண்டுகள் வரை நிற்பதாகக் கணக்கிட்டிருக்கிறது.

இனி அந்த மூன்று தொகைகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கண் திறந்தது.

மூன்று இடங்களுக்கும் இரண்டாம் முறை போனேன். இம்முறை, எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. அந்தத் தொகைக்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டேன். ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். 1,40,000 சொன்ன இடத்தில் மூட்டின் விலையே அதில் சேரவில்லை! மூட்டைத் தனியாக வாங்க வேண்டும், அது 70,000 ரூபாய் அளவில் வரும் என்றார்கள். மருந்துக்கும் நடைப்பயிற்சிக்கும் வேறு. கூட்டிப் பார்த்தால் 2,30,000க்குக் குறையாது. 2,10,000 சொன்ன இடத்தில் மூட்டு, மருத்துவரின் கூலி, மயக்க மருந்து கொடுப்பவரின் கூலி, ஐந்து நாள் இருவர் அறை, மருந்து, முதல் வாரத்து நடைப்பயிற்சி எல்லாம் அதிலேயே அடக்கம். 3,75,000 சொன்ன இடத்தில் தனி அறை, பீங்கான் போன்ற செராமிக் பந்தும் செராமிக் கிண்ணமும்; மருந்து மட்டும் வெளியே. "மற்ற இடத்தில் சொன்னது போல உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்து, இருவர் அறையில் சேர்த்தால் என்ன ஆகும்?" என்று கேட்டேன். கணக்கர் சற்று யோசித்து 2,90,000 என்றார்.

ஆக, குறைந்த தொகை குறைந்ததாக இல்லை. கூடிய தொகையின் பெரும்பகுதி மருத்துவத்துக்குரியதாகவும் இல்லை. ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத மூன்றை ஒப்பிட்டுக்கொண்டு நான் வீட்டில் தர்க்கம் செய்திருக்கிறேன். பேரீச்சம் பழத்துக்குப் பேரீச்சம் பழத்தை மாற்றும்போது அளவு சரியாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறவன், ஆஸ்பத்திரியில் பழத்துக்கும் பாத்திரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றேன்.

செராமிக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது தேய்மானம் குறைந்தது. இன்னும் பல பத்தாண்டுகள் நடக்க வேண்டிய இளவயதுக்காரருக்கு மருத்துவரே அதைச் சொல்லலாம். உம்மாவின் வயதுக்கும் நடமாட்டத்துக்கும் எது போதும் என்று இரண்டாம் இடத்து மருத்துவரிடம் கேட்டபோது, "உலோகமும் நல்ல பிளாஸ்டிக்கும் தாராளமாகப் போதும்" என்று தயங்காமல் சொன்னார். விலை உயர்ந்தது, புதியது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது என்பதற்கு இந்தத் துறையிலேயே சான்று இருக்கிறது. உலோகப் பந்தை உலோகக் கிண்ணத்திலேயே பொருத்தும் ஒரு வகை மூட்டு, நவீனமானது என்று உலகெங்கும் விற்கப்பட்டு, உலோகத் துகள் உடலில் கலந்து பலருக்குத் தீங்கு விளைவித்ததால் 2010இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டில் அதைப் பொருத்திக்கொண்டவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஆகவே விலையோடு கூட வேறு சிலவற்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த மருத்துவர் மாதம் எத்தனை இடுப்பு மூட்டுகள் பொருத்துகிறார்? புண்ணில் கிருமி சேர்ந்தால் யார் செலவு? மூட்டு நழுவினால் என்ன செய்வார்? இவற்றைக் கேட்காமல் தொகையை மட்டும் கேட்பவன் விசாரித்தவனாக மாட்டான். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து கேடு விளைவித்தவன் அதற்குப் பொறுப்பாளி என்று ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால், அறிந்தவர்தானா என்று பார்ப்பது நம்மீதுள்ள கடமையல்லவா?

மருத்துவரிடம் கூலியை முன்கூட்டிப் பேசுவது அவமரியாதை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. புகாரி ஷரீஃபில் அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அவர்களின் சம்பவத்தை எல்லோரும் பயானில் கேட்டிருப்போம். ஒரு கூட்டத்தாரின் தலைவரைத் தேள் கொட்டிவிட்டது. ஸஹாபாக்கள் ஓதிப் பார்க்கச் சம்மதித்தார்கள்; ஆனால் எங்களுக்கு என்ன தருவீர்கள் என்று முதலில் பேசி, ஓர் ஆட்டு மந்தை என்று முடிவான பிறகே ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் இதைக் கேட்டுச் சிரித்து, தங்களுக்கும் ஒரு பங்கு வைக்கும்படி சொன்னார்கள். ஃபாத்திஹாவின் சிறப்பைச் சொல்ல இந்தச் சம்பவத்தை எடுக்கிறோம். சிகிச்சைக்கு முன்பே கூலி பேசப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்! இரத்தம் குத்தி எடுத்த அபூ தைபாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உணவுப் பொருளை அளந்து கூலியாகக் கொடுத்ததும் ஸஹீஹான செய்தியே. மருத்துவனின் கூலி கூலிதான். இஜாராவின் சட்டங்கள் அதற்கும் உண்டு. கூலி இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாராவின் அடிப்படைகளில் ஒன்று.

நம் நாட்டு மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதையேதான் சொல்கின்றன. மருத்துவர் தம் கட்டணத்தைச் சிகிச்சைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும், சிகிச்சை தொடங்கிய பிறகு அல்ல என்பது அதில் உள்ள விதி. நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாதென்றும் இருக்கிறது. இந்தக் கமிஷன் விவகாரத்தை நானே நேரில் பார்த்தேன். எங்களுக்கு ஓர் இடத்தைச் சிபாரிசு செய்து, தாமே காரில் அழைத்துப் போவதாகச் சொன்ன தெரிந்தவர் ஒருவர், நாங்கள் வேறிடம் பார்க்கிறோம் என்றதும் முகம் கறுத்துப் போனார். அவருடைய அக்கறையில் எத்தனை சதவிகிதம் அக்கறை என்று அன்று தெரிந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

இதில் ஆழமான ஒரு விஷயம் இருக்கிறது. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏன்? வருகிறவனுக்கு ஊரின் விலை தெரியாது. அந்த அறியாமையை ஆதாயமாக்கிக்கொள்ளக் கூடாது. சந்தைக்கு வந்து உண்மை விலையை அறிந்த பின் அந்த வியாபாரத்தை முறிக்க அவனுக்கு உரிமையும் உண்டு என்பார்கள் நம் ஷாபிஈ இமாம்கள். மாலிகி, ஹன்பலி நூல்களில் 'முஸ்தர்ஸில்' என்றொருவரைப் பற்றிப் பேசுவார்கள். விலை அறியாதவர், பேரம் பேசத் தெரியாதவர், எதிரில் இருப்பவரை நம்பித் தன்னை ஒப்படைத்துவிடுபவர். அவரிடம் அளவுக்கு மீறி வாங்கினால் அவருக்கும் அந்த உரிமை உண்டு. நம் மத்ஹபில் பொதுவாக இந்தச் சட்டம் இல்லை. ஆனாலும் அந்த வருணனையைப் படிக்கும்போது, நோயாளியைத் தவிர வேறு யார் முகமும் எனக்குத் தோன்றவில்லை. படுத்திருப்பவர் எழுந்து போய் அடுத்த கடையில் கேட்க முடியாது. திறந்து பார்த்துப் பொருளைச் சோதிக்க முடியாது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இடுப்புக்குள் போன மூட்டை யாரிடம் திருப்புவது? இத்தகையவருக்காக எழுந்து போய்க் கேட்கக்கூடிய ஒரே ஆள், கூட நிற்கும் மகன்தான். அவன் கூச்சப்பட்டு வாய் மூடினால் ஊருக்கு வெளியே நிற்கும் வணிகனின் நிலைதான்.

அரசாங்கமும் சிறிது செய்திருக்கிறது. 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தார்கள். அந்த உத்தரவில் இடுப்பு மூட்டு சேரவில்லை. ஆகவே இதில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி காக்காவின் கோபத்துக்கு வருகிறேன். பணம் அவர்களுடையது; செலவழிப்பவன் நான். ஷரீஅத்தின் பாஷையில் நான் அவர்களுடைய வக்கீல். நீதிமன்றத்து வக்கீல் அல்ல. ஒருவருக்குப் பகரமாக நின்று காரியம் செய்பவன். வாங்கிவரச் சொல்லி ஒருவர் பணம் கொடுத்தால், வழக்கமான விலையைவிட மிக அதிகம் கொடுத்து வாங்கிவர வக்கீலுக்கு அதிகாரமில்லை என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. வழக்கமான விலை எதுவென்று கேட்காமல் எப்படித் தெரியும்? ஆகவே நான் விலை கேட்டது உம்மாவின் விஷயத்தில் செய்த கஞ்சத்தனம் அல்ல. காக்கா வெயிலில் நின்று சம்பாதித்த அமானத்தின் விஷயத்தில் செய்ய வேண்டியிருந்த கடமை. இதை அவர்களிடம் விளக்கியபோது சற்று நேரம் பேசாமல் இருந்து, "சரி, நான்தான் அனுமதி கொடுத்துட்டேனே, அப்ப குற்றமில்லைதானே?" என்றார்கள். குற்றமில்லைதான். உரியவர் சம்மதித்துவிட்டால் வக்கீலின் மீது பழியில்லை. "ஆனா காக்கா, அந்த 1,65,000 ரூபாய் வித்தியாசத்தில் உம்மாவின் வலி எவ்வளவு கூடுதலாகக் குறையும்னு நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லலை" என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் ஆட்டுச் சந்தையைப் பற்றிப் பேசவில்லை.

எல்லோருக்கும் காக்கா சவூதியில் இருப்பதில்லை. நகையை வட்டிக்கு வைத்துச் சிகிச்சை செய்கிறவர்கள் நம் தெருக்களில் நிறைய. அவர்கள் விசாரிக்காமல் கொடுக்கும் ஒவ்வொரு கூடுதல் ஆயிரத்துக்கும் வட்டியும் சேர்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதன் கீழ் மூட்டு மாற்றிக்கொண்டு நடப்பவர்களை நானே அறிவேன். தர்மாஸ்பத்திரி என்று முகம் சுளித்துவிட்டு வட்டிக்கடைக்குப் போவதை எந்த மானத்தில் சேர்ப்பது? ஜமாஅத்து பைத்துல்மாலிலிருந்து ஜகாத்துப் பணத்தை ஏழை நோயாளிக்குக் கொடுக்கும் பொறுப்பாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஜகாத்தில் உரிமையுள்ளவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. 3,75,000 ரூபாய் சீட்டுக்குக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டால், அடுத்த வாரம் வரும் இன்னோர் ஏழையின் இடுப்புக்குரியதும் சேர்ந்தே போய்விடுகிறது.

எல்லாச் சந்தர்ப்பத்திலும் மூன்று இடம் அலைந்துகொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு ஒன்றிரண்டு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும். படுக்கையிலேயே தாமதித்தால் படுக்கைப்புண், சளிக்காய்ச்சல், இரத்தக் கட்டு என்று அடுத்தடுத்து ஆபத்து. அவரைத் தூக்கிக்கொண்டு விலை விசாரித்துத் திரிவது பாவமாகவே முடியலாம். உம்மாவுடையது தேய்மானம்; வாரக்கணக்கில் பொறுக்கக்கூடியது. விசாரிக்க அவகாசம் இருந்ததால்தான் விசாரிக்கும் கடமையும் இருந்தது.

இனி உம்மா சொன்னதைச் சொல்கிறேன். இதில் என் தவறும் இருக்கிறது.

முதல் முறை விசாரித்துவிட்டு வந்த அன்று, மூன்று தொகைகளையும் ஒரு காலண்டர் தாளின் பின்புறம் எழுதி வந்திருந்தேன். மஃக்ரிபுக்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்து ராத்தாவிடமும் மச்சானிடமும் உரக்கப் படித்தேன். ஒன்று நாற்பது, இரண்டு பத்து, மூன்று எழுபத்தைந்து என்று மூவரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளே கட்டிலில் உம்மா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. இரவு சாப்பாட்டின் போது சொன்னார்கள்: "எனக்கு எதுக்கு வாப்பா இவ்வளவு? இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன்? அந்தக் காசு இருந்தா ராத்தா மகளோட குமர் காரியத்தை முடிச்சிடலாமே."

மறுநாளிலிருந்து வலி குறைந்துவிட்டது என்றார்கள். தைலம் நன்றாகக் கேட்கிறது என்றார்கள். தொழுகைக்கு நாற்காலி வேண்டாமென்று ஒருநாள் ஒதுக்கி வைத்தார்கள். நானும் ஒரு வாரம் நம்பினேன். ஆச்சரியமென்னவென்றால் மகிழ்ச்சியோடு நம்பினேன். ஒருநாள் தஹஜ்ஜுது நேரத்தில் விழித்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு, உம்மா குளியலறைக்கு நடந்துபோவதைப் பார்த்தேன். என்னை அவர்கள் பார்க்கவில்லை.

பெற்றோரிடம் 'சீ' என்ற ஒரு சொல்லைக்கூடச் சொல்லாதே என்று அல்லாஹு தஆலா ஏவியிருக்கிறான். அந்தச் சொல்லை நாங்கள் யாரும் சொல்லவில்லை. ரூபாய்க் கணக்கில் சொல்லியிருக்கிறோம். இப்போது நினைத்தால் காக்காவின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்றே படுகிறது. விலை கேட்பது தவறு என்று அவர்கள் சொன்னதில்தான் நியாயமில்லை; கேட்ட விலையை உம்மாவின் காதில் விழும்படி வைத்தது ஆட்டுச் சந்தையின் காரியம்தான். ஏழைப் பெற்றோருக்குப் பிள்ளைகள் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சத்தில் மருந்தின் விலையையும் மருத்துவனின் கூலியையும் நம் ஃபுகஹாக்கள் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அது அவர்களுடைய உரிமை. உரிமையுள்ளவரை, நாம் கொடுக்கும் தர்மத்தின் பாரம் போல உணரவைத்துவிட்டால், சிகிச்சை நடந்தாலும் ஹக்கு நிறைவேறியதா?

குமர் காரியத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று ராத்தாவே உம்மாவிடம் போய் அழுது சொன்னார்கள். இரண்டாம் இடத்திலேயே சேர்த்தோம். மருத்துவரிடம் கடைசியில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லிப் பார் என்று மச்சான் தூண்டினார், நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முன்பே எழுதிக் காட்டியவரிடம், கத்தியை எடுக்கப் போகும் நேரத்தில் பேரம் பேச மனம் வரவில்லை. சிகிச்சைக்குப் பின் வந்த சீட்டில் தொகை முன்பு சொன்னதற்கு 3,200 ரூபாய் மட்டுமே கூடியிருந்தது. ஒரு பாட்டில் இரத்தத்துக்கும் கூடுதல் ஒரு நாளுக்கும்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. உம்மா வீட்டுக்குள் கைத்தடியில்லாமல் நடக்கிறார்கள். தரையில் உட்காருவதையும் அதிகமாகக் குனிவதையும் மருத்துவர் தடுத்திருப்பதால், நிலையில் நின்று, ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் நாற்காலியில் அமர்ந்து சைகை செய்து தொழுகிறார்கள். நிற்க முடிந்தால் நின்றும், முடியாவிட்டால் உட்கார்ந்தும் தொழும்படி இம்ரான் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட ஹதீஸின்படி முடிந்த அளவு நிற்பது அவர்கள் மீது கடமை. அதில் அவர்களுக்கு மிகுந்த சந்தோஷம்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. "கடைசியில எவ்வளவு ஆச்சு வாப்பா?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்கள். "காக்காவுக்குத்தான் தெரியும்" என்பேன். வெள்ளிக்கிழமை காக்கா பேசும்போது அவர்களிடம் கேட்பார்கள். "தம்பிதான் கட்டினான், அவனைக் கேளுங்க" என்பார்கள் காக்கா.